லிஃப்ட் கிட் பற்றி ஒரு திருத்தம்

லிஃப்ட் கிட் என்பது வண்டியின் உயரத்தைக் கூட்டப் பொருத்தும் சஸ்பென்ஷன் பாகங்கள். "2 அங்குல லிஃப்ட் கிட் போட்டால் வண்டியின் அடிப்பகுதி முழுவதும் 2 அங்குலம் உயரும், பாரமும் கூடுதலாக ஏற்றலாம்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

ஹைலக்ஸ், வி-கிராஸ் போன்ற பிக்கப்களில் பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விறைப்பான ஆக்சில் (அச்சு), அதன்மேல் லீஃப் ஸ்பிரிங் (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்). அங்கே கிட் உயர்த்துவது சேஸிஸை (வண்டியின் அடிச்சட்டத்தை) மட்டும்தான். ஆக்சிலும் அதன் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர்) உருண்டையும் சக்கரத்தோடு இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லில் முதலில் இடிப்பது அந்த உருண்டைதான். அது உயர வேண்டுமானால் டயர் பெரிதாக வேண்டும்; விட்டம் 2 அங்குலம் கூடினால் உயரம் 1 அங்குலம் கூடும், அவ்வளவே. முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால் அங்கே உயரம் உண்மையில் கூடும். ஆனால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி அதன் ஜாயின்ட் சீக்கிரம் தேயும், வீல் அலைன்மென்டும் மறுபடி பார்க்க வேண்டும்.

ஏற்றக்கூடிய பாரமும் அதிகமாகாது. பின்னால் லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பிளேட் சேர்த்தால் பாரத்தில் வண்டி தொங்காது, அவ்வளவுதான். பிரேக்கும் ஆக்சிலும் டயரும் பழையவைதானே? ஆர்.சி.யில் உள்ள எடைதான் வரம்பு. வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் ஒருமுறை படியுங்கள்.

என் வண்டி தண்டையார்பேட்டையிலிருந்து பழவேற்காடு மணலுக்குப் போய்வருகிறது, கம்பெனி உயரத்திலேயே. மணலில் டயர் காற்றைக் குறைத்துக்கொள்வேன். எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் போட்ட பள்ளங்களுக்கு நல்ல ஷாக் அப்சார்பர் மாற்றினேன். பணம் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.