யூ-40, யூ-100 சிரிஞ்ச் ஒன்றல்ல

நாய்க்கு இன்சுலின் போட வீட்டில் அப்பாவுக்கு வாங்கி வைத்த சிரிஞ்சே போதும், யூனிட் எல்லாம் ஒன்றுதான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சிரிஞ்சும் மருந்தும் பொருந்தினால்தான் அது சரிவரும்.

யூனிட் ஒன்றுதான், மருந்தின் அடர்த்திதான் வேறு. நம் மருந்துக்கடைகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினும் (யூ-40) கிடைக்கும், 100 யூனிட் உள்ளதும் (யூ-100) கிடைக்கும். சிரிஞ்சின் கோடுகள் இவற்றில் ஏதோ ஒன்றுக்கு மட்டுமே அளந்து போட்டவை. யூ-40 சிரிஞ்சில் 10 வரை இழுத்தால் கால் மில்லி. குப்பியில் இருப்பது 100 யூனிட் மருந்து என்றால் உள்ளே போவது 25 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு! சின்ன நாய்க்கோ பூனைக்கோ இவ்வளவு ஏறினால் சர்க்கரை சட்டென்று இறங்கி வலிப்பு வரை போகலாம். மாறாக, யூ-100 சிரிஞ்சில் 40 யூனிட் மருந்தை இழுத்தால் 10 யூனிட்டுக்கு 4 யூனிட்தான் போகும்.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். குப்பி லேபிளில் மில்லிக்கு 40 ஐ.யு. (யூனிட்தான்) அல்லது 100 ஐ.யு. என்று அச்சிட்டிருக்கும், சிரிஞ்சிலும் அதே எண் இருக்க வேண்டும். சிரிஞ்சின் மூடி வழக்கமாக 40க்குச் சிவப்பு, 100க்கு ஆரஞ்சு. விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் நான் எண்ணைத்தான் நம்புவேன். எண் பொருந்தாவிட்டால் சரியான சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள், விலை ஒன்றும் அதிகமில்லை.