சேலைக்கு மேல் ஒரு ஆண் சட்டை

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை தூக்க முடியாமல் போனதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்ன ஒரே யோசனை, நைட்டி. அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஆடியில கோட்டை மாரியம்மனுக்கு நைட்டியோடவா வரச் சொல்ற?" என்று கேட்டாள்.

நான் தையல்காரி. திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் ஆறு வருஷம் சாம்பிள் பிரிவில் இருந்தேன். இப்போது சேலம் அம்மாபேட்டையில் வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் ஓடுகிறது. தொழில் தெரிந்த கர்வத்தில் அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமலேயே ஜாக்கெட் தைத்தேன். இடது தோளிலிருந்து கை நுனி வரைக்கும் மேல்பக்கமாகப் பிரித்து வெல்க்ரோ வைத்தேன். போட்டுப் பார்த்துவிட்டுக் குறைகளை அடுக்கினாள். வெல்க்ரோ முந்தானை நூலைப் பிடித்து இழுக்கிறது. நாலு பேர் இருக்கிற இடத்தில் பிரித்தால் பர்ரென்று சத்தம். எல்லாவற்றுக்கும் மேல், பிரித்துத் தைத்திருப்பது பார்க்கிறவர்கள் கண்ணில் படுகிறது. "கீழ்ப்பக்கமாப் பிரி. டிச் பட்டன் வை. கை பார்டர்ல மட்டும் கை வைக்காத."

அப்படியே செய்தேன். இடுப்பிலிருந்து அக்குள் வழியாகக் கை நுனி வரை திறக்கும். கையைத் தூக்கவே வேண்டாம், துணியை மேலே போர்த்திக் கீழே பட்டனை அழுத்தினால் முடிந்தது. மூன்று ஜாக்கெட் வீணானது. நாலாவதைப் போட்டுக்கொண்டுதான் ஆடித் திருவிழாவுக்குப் போனாள்.

யாரையும் விட்டுவிடாமல் வடிவமைக்கிற இதைத்தான் இப்போது 'இன்குளூசிவ் டிசைன்' என்கிறார்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 43-வது பிரிவு, எல்லாரும் பயன்படுத்துகிற மாதிரி வடிவமைத்த நுகர்பொருட்களை உருவாக்கவும் விற்கவும் அரசு ஊக்கம் தர வேண்டும் என்கிறது. நான் ஏறி இறங்கிய சேலம் ஜவுளிக் கடைகளில் ஒருகையால் போடக்கூடிய ஒரு ஜாக்கெட்கூட இல்லை. கேட்டால், "அதெல்லாம் ஆஸ்பத்திரி சாமான் விக்கிற கடையில பாருங்க மேடம்." அம்மா நோயாளி மாதிரித் தெரியக் கூடாது என்பதற்குத்தானே இத்தனை பாடு!

வடிவமைக்கத் தெரியாத குறை இல்லை இது. முடிவெடுக்கிற அறைக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு குழந்தை உடுப்புக்கு, ஆர்டர் கொடுத்த பையரிடமிருந்து டெக்பேக் வந்தது, அதாவது அளவும் தையல் விவரமும் அடங்கிய குறிப்பு. என் பக்கத்து மெஷினில் இருந்த அக்கா இரண்டு பிள்ளை பெற்றவர். சாம்பிளைக் கையில் எடுத்ததுமே, "இந்தக் கழுத்துல கொழந்த தல போகாதுங்க சார், தோள்ல ரெண்டு பட்டன் வச்சுத் தெறக்கணும்" என்றார். ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பையர் அப்ரூவ் பண்ணியாச்சு, நீங்க தைங்க." தைத்தோம். ஆர்டர் முடிகிற நேரத்தில் அதே குறையைச் சொல்லிப் பையரிடமிருந்து மெயில் வந்தது. இரண்டு ஞாயிறு உட்கார்ந்து அத்தனை தோளையும் பிரித்துப் பட்டன் வைத்தோம். அக்கா 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியும் என்ன?

"எல்லாரையும் கேட்டுக்கிட்டிருந்தா சீசன் போயிடும்" என்பார்கள். அந்த இரண்டு ஞாயிறு எந்த சீசன் கணக்கில் வரும்?

கேட்டால் நடக்கும் என்பதற்கு ஒரு கதை உண்டு. பெருமூளை வாதத்தால் ஷூ நாடா கட்ட முடியாத 16 வயது அமெரிக்கப் பையன் ஒருவன் 2012-ல் நைக்கி கம்பெனிக்குக் கடிதம் எழுதினான். கல்லூரிக்குப் போனாலும் தினமும் அப்பா அம்மாதான் நாடா கட்டிவிட வேண்டுமா என்பது அவன் கவலை. அவனையே போட்டுப் பார்க்க வைத்து, 2015-ல் 'ஃப்ளைஈஸ்' ஷூவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் 2021-ல் கையே படாமல் மாட்டுகிற ஷூ வந்தபோது, மறுவிற்பனைக்காரர்கள் வாங்கிக் குவித்து விலையை ஏற்றிவிட்டார்கள். வடிவமைக்கும்போது கேட்டவர்கள், விற்கும்போது கேட்க மறந்துவிட்டார்கள் போல.

நம் நாட்டில் 2018-ல் ஆடை வடிவமைப்பு சொல்லிக்கொடுக்கிற மத்திய அரசு நிறுவனமான நிஃப்ட் 'இந்தியா சைஸ்' என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. 15 முதல் 65 வயது வரை 25,000 பேரை ஸ்கேனர் வைத்து அளந்து, நமக்கென்று ஒரு சைஸ் அட்டவணை தயாரிப்பது. நல்ல வேலைதான். அமெரிக்க, ஐரோப்பிய அளவை வாங்கிப் போட்டுக்கொண்டு தோளில் தொங்குவதும் இடுப்பில் இறுக்குவதுமாக எத்தனை காலம் ஓட்டுவது? அறிவித்த ஆறு நகரங்கள் டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங். உலகத்துக்கே துணி தைத்துக் கொடுக்கிற தமிழ்நாட்டில் ஒரு ஊர்கூட அந்த அறிவிப்பில் இல்லை! தவிர, ஸ்கேனர் உடம்பைத்தான் அளக்கும். வெல்க்ரோ சத்தம் கூச்சமாக இருக்கிறது என்பதை அது எங்கே அளக்கப் போகிறது?

ஏற்காட்டுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் ஏரியைப் பார்த்துவிட்டு லேடீஸ் சீட்டில் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். காபிப் பழம் பறிக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? சேலைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை. கிளை கீறாது, மாராப்பு விலகாது, குளிரும் தாங்கும், வெற்றிலையும் போனும் வைக்கப் பாக்கெட் இருக்கும். வயல் வேலை, சித்தாள் வேலை, நூறு நாள் வேலை எல்லாவற்றுக்கும் இதுதான் சீருடை. யாரும் கொடுத்ததில்லை, அவர்களே கண்டுபிடித்தது. இந்த மலைக்குக் காபி வந்து 200 வருஷம் ஆகிறது. பறிக்கிற பெண்ணுக்கு என்று ஒரு சட்டையைக் கடையில் நான் பார்த்ததில்லை.

என் பெரியம்மா நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பறிப்புக்குப் போகிறார். போன சீசனில் அவருக்கு ஒரு சட்டை தைத்தேன். பெண் உடம்புக்குத் தக்கபடி டாட் பிடித்து இடுப்பு ஒடுக்கி, அழகாகத்தான் இருந்தது. பத்து நாளில் திரும்பி வந்தது. "பாக்க நல்லாத்தான் இருக்கு கண்ணு. பழப்பையக் கட்டினா இடுப்புல புடிக்குது. குனிஞ்சா மேப் பாக்கெட்டுல இருந்து போன் உழுந்துடுது. காலர் ஒசரம் பத்தல, கழுத்துல எறும்பு எறங்குது." அம்மா விஷயத்தில் பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

இடுப்பைத் தளர்த்தி, பாக்கெட்டை உள்பக்கம் மாற்றி மூடி வைத்துப் பட்டன் போட்டு, இரண்டாவது சட்டை போனது. கூடவே அவருடைய ஒரு நாள் கூலியையும் கொடுத்தனுப்பினேன். பையர் ஆபீசில் 'ஃபிட்' பார்க்க மாடலுக்குப் பணம் கொடுக்கிறார்கள், பெரியம்மா மட்டும் ஓசியில் ஏன் யோசனை சொல்ல வேண்டும்? "வூட்டுப் புள்ளகிட்ட காசா" என்று போனில் சத்தம் போட்டார். பணம் திரும்பி வரவில்லை. சட்டைதான் வந்திருக்கிறது. காலர் இன்னும் அரை இஞ்சு ஏற்ற வேண்டுமாம்.