செல் சோதனை மட்டும் புழுவுக்குப் போதாது
ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில் ஆயிரக்கணக்கான ரசாயனங்களைச் சோதித்தால் எல்லாக் குடல் ஒட்டுண்ணிகளுக்கும் சீக்கிரம் மருந்து கிடைத்துவிடும் என்று கட்டுரை சொல்வதில் பாதியைத்தான் ஏற்க முடிகிறது. கிரிப்டோஸ்போரிடியம் மாதிரி குடல் சுவரின் செல்லில் புகுந்து பெருகும் ஒட்டுண்ணிக்கு இந்த வழி சரி. அதற்குத் தரப்படும் நைட்டசாக்சனைடு எச்ஐவி உள்ளவர்களிடம் சரியாக வேலை செய்வதில்லை, புது மருந்து கட்டாயம் வேண்டும். ஆனால் கொக்கிப்புழு செல்லுக்குள் வாழ்வதில்லை. குடல் சுவரைக் கடித்துப் பிடித்து ரத்தம் குடிக்கிற முழு உயிர் அது. ஐவர்மெக்டினையே பாருங்கள், 1970களில் புழு பிடித்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். புழுவின் நரம்பையும் தசையையும் முடக்கும் மருந்து அது, வெறும் செல் தட்டில் சிக்கியிருக்காது. அப்புறம், அல்பெண்டசோல் என்ற புழு மருந்து இருக்கும்போது புதிது எதற்கு என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் கேட்டிருக்கிறார். பென்னாகரம் பக்கம் நாங்கள் வெள்ளாடு வளர்க்கிறோம். மழைக்குப் பிறகு ரத்தம் குடிக்கும் புழுக்களால் ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே வீக்கம் வரும், கண் இமையின் உட்புறம் வெளுத்துப்போகும். அந்த மருந்தை ஊற்றியும் புழுக்கைப் பரிசோதனையில் முட்டைகள் குறையவில்லை. புழுவின் உடலில் இந்த மருந்து போய் ஒட்டும் பீட்டா டியூபுலின் என்ற புரதத்தில் 200ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலே மருந்து ஒட்டாது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தருவதும் இதே அல்பெண்டசோல்தான், சாட்டைப்புழுவுக்கு அந்த ஒரு மாத்திரை பெரும்பாலும் போதுவதில்லை. ஆகவே செல்லில் தேறும் ரசாயனங்களை, மருந்துக்கு அடங்காத இந்த ஆட்டுப் புழுக்களின் லார்வாக்கள் மேலும் போட்டுப் பார்க்கட்டும். புழுக்கை எடுக்க எங்கள் பட்டிக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம்.