இரவுப் பயணத்தை ஓய்வு என்று எழுதாதீர்கள்

ஊர் ஊராகச் சுற்றும் வேலையில் இருப்பவர்களிடம் "எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டால் நல்ல பெட்டி, கழுத்துத் தலையணை, லோயர் பெர்த், பவர் பேங்க் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். எல்லாம் சரிதான். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இவை போதாது. நாம் இருப்பது நாட்டின் தென்முனையில். மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. சென்னை 700 கிலோமீட்டருக்கு மேல். சென்னையோ கோவையோ பெங்களூரோ, பெரிய ஊர் எதற்குப் போனாலும் வழக்கமாக ஒரு ராத்திரி வண்டியில் கழியும், திரும்பி வர இன்னொரு ராத்திரி. அந்த ராத்திரிகளைப் பெரும்பாலான கம்பெனிகள் வேலை என்று கணக்கில் எடுப்பதில்லை. "டிரெயின்ல தூங்கிக்கிட்டே போயிரலாமே, ஒரு நாள் மிச்சம்" என்பார்கள். அந்த மிச்சம் நம் உடம்பிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

நான் மருந்து விற்பனையில் இருக்கிறேன். நாகர்கோவில்தான் ஹெட்குவார்ட்டர்ஸ், அதாவது என் வேலைக்கு மைய ஊர். இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பயணங்களை எக்ஸ்-ஸ்டேஷன், அவுட்-ஸ்டேஷன் என்று பிரிப்பார்கள். போய்விட்டு அன்றைக்கே திரும்பினால் எக்ஸ்-ஸ்டேஷன், தினப்படியும் குறைவு. தங்கினால் அவுட்-ஸ்டேஷன், லாட்ஜ் வாடகை உண்டு. அதனால் நாகர்கோவில்காரனுக்குத் திருநெல்வேலி பல கம்பெனிகளில் எக்ஸ்-ஸ்டேஷன்தான். காகிதத்தில் பார்த்தால் எண்பது கிலோமீட்டர், பெரிய தூரமில்லை. ஆனால் டாக்டர்களைச் சாயங்கால கிளினிக் முடிந்த பிறகுதான் பார்க்க முடியும். இரவு பத்து மணிக்குக் கடைசி டாக்டரைப் பார்த்துவிட்டு நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு என்று பைக்கில் வர வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் முப்பந்தல் பக்கம் காற்று வண்டியையே நகர்த்திவிடும். காற்றாலைகளைச் சும்மாவா அங்கே நட்டு வைத்திருக்கிறார்கள்! வீட்டுக்கு வந்ததும் அன்றைய ரிப்போர்ட்டை ஆப்பில் ஏற்றினால்தான் நாள் முடியும்.

காலை ஐந்து மணிக்கு எழுந்த ஆளுக்கு இரவு பத்து மணியோடு பதினேழு மணி நேரம் ஆகிவிடுகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுவதாக 1997-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. நம் மோட்டார் வாகனச் சட்டப்படி 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம். குடித்துவிட்டு ஓட்டுகிறவனைப் போலீஸ் ஊதச் சொல்லிப் பிடிக்கலாம். தூக்கம் கெட்டவனைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் அவர்கள் கையில் இல்லை. அதனால்தான் இதைக் கம்பெனி பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். ஒரு லாட்ஜ் அறையின் வாடகையை மிச்சம் பிடிக்க, இருபத்தைந்து வயதுப் பையனை நள்ளிரவில் நாலுவழிச்சாலையில் விடுவது அநியாயம். விற்பனைப் பிரதிநிதிகளுக்கென்றே 1976-இல் தனிச் சட்டம் வந்தது. விடுப்புக்கு அதில் கணக்கு வைத்தார்கள். வேலை நேரத்துக்கு வைக்கவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் எங்கள் ராத்திரிகள் எல்லாம் போயின.

ரயிலுக்கு வருவோம். சாயங்காலம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திருநெல்வேலியில் ஒரு கூட்டம் ஏறும், மதுரையில் இன்னொரு கூட்டம். மதுரை தாண்டித்தான் பெட்டி அடங்கும். செங்கல்பட்டு வருவதற்குள் நாலாபக்கமும் அலாரம் அடிக்க ஆரம்பித்துவிடும். இடையில் கிடைப்பது நாலைந்து மணி நேரம். அதுவும் பெர்த் உறுதியானால்தான். மீட்டிங் எப்போது என்று இரண்டு நாள் முன்னால்தானே சொல்கிறார்கள்! தத்காலில் கிடைக்காமல் போனால் ஆம்னி பஸ். அதிலிருந்து இறங்கி, ஸ்டேஷன் பக்கத்தில் காசு கொடுத்துக் குளித்து, ஒன்பதரை மணிக்கு மீட்டிங்கில் உட்கார வேண்டும். என் டீமில் இருக்கும் பெண்களுக்கு, விடிவதற்கு முன் அறிமுகமில்லாத ஊரில் இறங்கி ஆட்டோ தேடுவது இதற்கும் மேலே ஒரு சுமை.

2024 ஆகஸ்ட் 31-ஆம் தேதி சென்னை எழும்பூர்–நாகர்கோவில் வந்தே பாரத் ஓடத் தொடங்கியபோது நான் சந்தோஷப்பட்டதற்குக் காரணம் அதன் வேகம் மட்டுமில்லை. மதியத்துக்கு மேல் ஏறினால் இரவு பதினோரு மணி வாக்கில் சென்னை. அதற்கப்புறம் கட்டிலில் படுக்கலாம். பகலில் பயணம் செய்யக் கிடைத்த வழி அது. கட்டணம் கூடுதல், ராத்திரி அறை வாடகையும் சேரும். "ரெண்டு செலவா?" என்று அக்கவுண்ட்ஸ் பிரிவில் கேட்பார்கள். ஆமாம், இரண்டு செலவுதான். மறுநாள் மீட்டிங்கில் விழிப்போடு இருக்கும் ஆள் வேண்டுமானால் அந்தச் செலவைச் செய்துதான் ஆக வேண்டும்.

இரவு வண்டியைத் தவிர்க்கவே முடியாத பயணங்களும் உண்டு. அப்போது மறுநாள் காலை பதினொன்றரை மணிக்கு முன் வேலை எதையும் நான் ஒத்துக்கொள்வதில்லை. கம்பெனியில் முதலில் முகம் சுளித்தார்கள். இப்போது பழகிவிட்டது. ஒரு ஊருக்கு ஒரே லாட்ஜ் என்பதும் எனக்குக் கட்டாயம். புது இடத்தில் தூக்கம் வராது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. புது இடத்தின் முதல் இரவில் மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாக இருப்பதை 2016-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. அதே லாட்ஜ், ரோட்டைப் பார்க்காத பின்பக்க அறை, தெரிந்த முகம் என்றால் உடம்பு சீக்கிரம் அடங்குகிறது.

சாப்பாட்டில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் திண்டாடுகிறோம். சம்பா அரிசிச் சோறும் மீன்குழம்பும் பழகிய வயிறு. இரவு பதினொரு மணிக்குத் திறந்திருப்பதோ பரோட்டாக் கடை மட்டும். அதைத் தின்றுவிட்டுப் படுத்தால் நெஞ்சைக் கரிக்கும், அந்தத் தூக்கமும் போச்சு. நான் கிளம்பும்போது அவித்த ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) இரண்டு மூன்று பையில் போட்டுக்கொள்வேன். வயிறு நிறையும், உறுத்தாது. ராத்திரி எட்டு மணிக்கு அம்மாவின் போன் வரும்: "மக்களே, சாப்பிட்டாச்சா?" அந்த அழைப்பு வருவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதே எனக்கு ஒரு ஒழுங்காகிவிட்டது.

திரும்பி வந்த நாளைப் பற்றி யாருமே பேசுவதில்லை. விடிகாலையில் நாகர்கோவில் கோட்டாறு ஸ்டேஷனில் இறங்கினால் பகல் பூராவும் வீட்டு வேலை காத்துக்கொண்டிருக்கும். கரண்ட் பில், பிள்ளையின் பள்ளிக்கூட மீட்டிங், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அத்தனை நாளும் இதையெல்லாம் தனியாக இழுத்த மனைவியிடம் "எனக்கு ஓய்வு வேணும்" என்று எப்படிச் சொல்வது? கம்பெனி தர வேண்டிய ஓய்வைத் தராததால் அதைக் குடும்பத்திடம் கேட்கிறோம். வீட்டில் வரும் சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. வெளியூரில் இரவைக் கழித்துத் திரும்புகிறவருக்கு மறுநாள் அரை நாளாவது விடுப்பு வேண்டும், அது அவருடைய சொந்த விடுப்பில் கழியக் கூடாது. மேனேஜர் பதவியில் இருக்கும் நண்பர்களே, டூர் புரோகிராமில் கையெழுத்துப் போடும்போது இதைக் கொஞ்சம் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, விமானத்தில் போகிறவர்களுக்கு. நமக்குப் பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரம் விமான நிலையம். காலை ஆறு மணி விமானம் என்றால் நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கிறது. மார்த்தாண்டம், களியக்காவிளை வழி நாலுவழிச்சாலை வேலையோ ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. இரவு இரண்டிலிருந்து ஆறு வரை மனித உடம்புக்குத் தூக்கம் அழுத்தும் நேரம். பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடுவதற்கு முன்னால், வண்டி ஓட்டுகிறவரிடம் "அண்ணே, நேத்து எப்ப படுத்தீங்க?" என்று கேளுங்கள். பகலெல்லாம் சவாரி ஓட்டிவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தால் வேறு வண்டி கேளுங்கள், இல்லையென்றால் பத்து மணி விமானத்துக்கு டிக்கெட்டை மாற்றுங்கள். மாற்றிய காசை டிஏ (தினப்படி) பில்லில் தயங்காமல் எழுதுங்கள்.