தகப்பனிடம் சொல்ல வேண்டிய நல்ல வார்த்தை

குழந்தையோடு வெளியே வரும் ஓர் ஆணிடம் முன்பின் தெரியாத ஒருவர் சொல்லும் நல்ல வார்த்தைக்கு, வீட்டார் பாராட்டைவிடக் கூடுதல் எடை உண்டு என்பது என் கருத்து. மனைவி பாராட்டினால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். தாய் பாராட்டினால் பெற்ற பாசம் என்று தள்ளிவிடுகிறார்கள். வழியில் போகிறவர் நின்று சொல்வதை அப்படித் தள்ள முடிவதில்லை, ஏனென்றால் அதனால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது இருவருக்கும் தெரியும். மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பீடோங் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து, பள்ளி வாசலில் தகப்பன்மாரைப் பார்த்துப் பழகியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர்களில் இதற்கு நேர்மாறான வார்த்தைகளுக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. மனைவியின் துணியைக் கொடியில் காயப் போட்டவனுக்குப் ‘பொண்டாட்டிதாசன்’ என்று பெயர். பிள்ளைக்குக் கால் கழுவி விட்டால் “உனக்கு ஏண்டா இந்த வேலை?” என்ற கேள்வி வரும். அழுகிற மகனை மடியில் வைத்துத் தேற்றினால், பொட்டப்பிள்ளை மாதிரி வளர்க்கிறான் என்ற பேச்சு லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகள் முழுக்கப் பரவும். இப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் மாமன், மச்சான், அடுத்த வீட்டுக்காரர் என்று நெருங்கிய மனிதர்கள்தாம். கேலியாகத்தான் சொன்னார்கள், ஆனாலும் அந்தக் கேலிக்குப் பயந்து, வாசலுக்கு வந்ததும் பிள்ளையை மனைவி கையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நடந்த ஆண்கள் எத்தனையோ பேர்.

ஆண்கள் குழந்தையைத் தூக்குவது இந்தக் காலத்துப் புதுப் பழக்கம் என்று சிலர் பேசும்போது எனக்குச் சிரிப்புதான் வரும். ரப்பர் தோட்டத்தில் தாய், தகப்பன் இருவருமே பால்மரம் வெட்ட, அதாவது மரத்தைச் சீவி ரப்பர் பால் எடுக்கப் போன காலத்தில், விடியுமுன் பெரட்டு என்கிற ஆள்கணக்கெடுப்புக்கு நிற்க வேண்டும். அதற்கும் முன்பு பிள்ளையை ஆயாக்கொட்டகையில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில் விட வேண்டும். தூங்குகிற பிள்ளையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் நடந்தவர்களில் ஆண்களும் இருந்தார்கள். என் அப்பா அவர்களில் ஒருவர். எத்தனை முறை துவைத்தாலும் ரப்பர் பாலின் புளித்த வாடை போகாத அவருடைய சட்டைத் தோள்பட்டை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அவர் பிள்ளையைச் சுமந்ததைப் பெருமையாக அவரிடம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் வீட்டிலும் சொன்னதில்லை, அந்தக் காலத்தில் அப்படிப் பேசும் வழக்கமே இல்லை.

ஆண்மைக்கு வேறொரு முன்மாதிரி வேண்டுமென்றால், அதையும் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1940களின் பிற்பாதியில், இதே பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தொடங்கிய தொண்டர் படை, கள்ளுக்கடைகளுக்கு எதிராக எழுந்தது. கூலிப் பணம் கள்ளுக்கடைக்குப் போய், பிள்ளைகளின் வயிறு காய்வதைப் பார்த்துச் சகிக்காத தோட்டத் தொழிலாளர்கள், அணிவகுத்து நின்று மறியல் செய்தார்கள். 1947இல் போலீசாரோடு மோதல் ஏற்பட்டு உயிரிழப்பும் நேர்ந்தது. குடித்துவிட்டு வந்து வீட்டாரை அடிப்பவனைத்தான் ஊர் ‘ஆம்பளை’ என்று விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஊரிலேயே, குடிக்காமல் சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஆணுக்கு அழகு என்று இவர்கள் சொன்னார்கள். நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றை நாம் போதிய அளவு சொல்லவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. அது தனிப் பதிவாக எழுத வேண்டிய விஷயம்.

இப்போது சட்டமும் ஓரளவு துணைக்கு வந்திருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, தீபகற்ப மலேசியாவில் தனியார் துறையில் வேலை செய்யும் மணமான ஆண், அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருந்தால், மனைவியின் பிரசவத்துக்குத் தொடர்ந்து 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு எடுக்கலாம். ஐந்து பிரசவங்கள் வரை இது செல்லும். அதே திருத்தம் பேறுகால விடுப்பையும் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது. பல குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி காய்ந்து விழவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது என்பதால் இந்த ஏழு நாள் எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. அந்த ஏழு நாளையும்கூட, “பிள்ளை பெத்தது நீயா?” என்று ஷிப்டில் கூட வேலை செய்பவர்கள் கேட்பார்களே என்று கூசிக்கொண்டு கேட்காமல் விடுகிறவர்களும் உண்டு.

அண்மையில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் கண்டதைச் சொல்கிறேன். கூலிம் பக்கத்துத் தொழிற்சாலைச் சீருடையில் ஓர் இளைஞர், இரண்டு மாதக் குழந்தையைத் தடுப்பூசிக்குத் தனியாகக் கொண்டுவந்திருந்தார். மனைவி எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்தது. குழந்தை வீறிட்டு அழ, சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, அவருக்கு வியர்த்துவிட்டது. பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா ஒருவர், தம் பேரனைத் தட்டிக்கொண்டே, “பண்டாய் ஆயா ஜாகா அனாக்” என்றார். அப்பா பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாரே என்றுதான். இளைஞர் “தெரிமா காசி, மாச்சிக்” என்று மட்டும் சொன்னார்; ‘நன்றி, அம்மா’ என்று பொருள். சற்று நேரத்தில் ஊசி போட்ட தாதி, காய்ச்சல் வந்தால் செய்ய வேண்டியதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்று தொடங்கியபோது, அவர் சீட்டை எடுத்து விரித்து, “என்னிடமே சொல்லுங்கள், இன்றிரவு நான்தான் பார்த்துக்கொள்வேன்” என்றார். மாச்சிக் சொன்ன ஐந்தாறு நொடிப் பேச்சுக்கும் இந்தப் பதிலுக்கும் தொடர்பு உண்டு என்று நான் நம்புகிறேன்.

தகப்பன் தூக்கினால் பாராட்டு, தாய் தூக்கினால் அது கடமையா என்று பெண்கள் கேட்பது நியாயம். நாம் முன்பின் தெரியாத தாயிடம் பேச வாய் திறந்தாலே, பிள்ளை ஏன் மெலிந்திருக்கிறது, குல்லாய் ஏன் போடவில்லை என்ற விசாரணையாகத்தான் இருக்கிறது. தகப்பனிடம் பேசினாலோ, “அம்மா எங்கே? பாவம், நீங்களா பார்த்துக்கொள்கிறீர்கள்?” என்கிறோம்; அவன் இரவல் வேலை பார்க்கிறவன் என்று அதற்குப் பொருள். ‘மனைவிக்கு உதவுகிறார்’ என்ற பாராட்டும் ஏறக்குறைய இதே ரகம்தான். அவர் செய்த வேலையைப் பார்த்துச் சொல்லலாம்: சடை நேராக வந்திருக்கிறது, பிள்ளை உங்கள் தோளில் நிம்மதியாகத் தூங்குகிறது. அதையே தாயிடமும் சொல்லலாம். கூடவே ஒரு பையன் நின்றால் அவன் காதில் விழும்படியே சொல்லுங்கள். அப்பாவை ஊர் எதற்காக மதிக்கிறது என்பதை அவன் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறான்.