வாட் ஒன்றானால் போதுமா?

“400 வாட் மெட்டல் ஹலைட் குமிழுக்கு எந்த 400 வாட் சோக்கும் பொருந்தும்; சோக் இல்லாமலும் எரியும்.” வீட்டில் வீடியோ புரொஜெக்டர் செய்ய முயலும் திருகோணமலை இளைஞர்களிடையே சுற்றும் வாட்ஸ்அப் தகவல் இது. இரண்டுமே தவறு.

இந்தக் குமிழில் இழை கிடையாது. வாயுவினூடே மின்வில், அதாவது தொடர் மின்பொறி, எரிகிறது. மின்வில் பற்றிக்கொண்டதும் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறும். அதை அடக்குவதே சோக் என்னும் கம்பிச்சுருளின் வேலை. பற்றவைக்கவும் பெரும்பாலும் இக்னிட்டர் என்னும் பற்றவைப்புக் கருவியின் சில ஆயிரம் வோல்ட் துடிப்பு வேண்டும். நம் வீட்டு 230 வோல்ட் எம்மாத்திரம்!

உவர்மலையில் நண்பர் ஒருவர் பழைய 400 வாட் சோடியம் விளக்குச் சோக்கைப் பெருமையோடு காட்டினார். அதன் தகட்டில் 4.6 ஆம்பியர், அவர் வாங்கிய குமிழின் பெட்டியிலோ 3.25. மாட்டியிருந்தால் குமிழ் அளவுமீறிச் சூடேறி, வெடிக்கவும் கூடும். கடையில் வாட்டை விட்டுவிட்டு முதலில் ஆம்பியரை ஒப்பிடுங்கள்.