கணக்கை விட்டு ஓடினவராம்!

முந்தாநாள் நடந்த கூத்தை எல்லாரும் பார்த்தீர்கள், முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. கணித மேதை என்று நான் நைஜீரியாவின் இயா அபுபக்கர் பெயரைச் சொன்னேன். "கணக்கை விட்டு அரசியலுக்கு ஓடினவரெல்லாம் கணித மேதையா?" என்று ஒரு பதில், அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்ததில் இரண்டு பேர் என் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள். சரி, இருக்கட்டும்.

அவர் ஓடவில்லை. 1934இல் நைஜீரியாவின் அடமாவா பக்கம் பிறந்து, இபாடனில் படித்து, கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கிய மனுஷன். நினைத்திருந்தால் வெளியூரிலேயே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஊருக்கு வந்து சாரியாவில், 1962இல்தான் திறந்திருந்த அகமது பெல்லோ பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தார். 1975 முதல் 1978 வரை அங்கேயே துணைவேந்தர். 1979இல் அதிபர் ஷகாரியின் ஆட்சியில் பாதுகாப்பு அமைச்சர், அப்புறம் உள்துறை. அதற்கு முன்னால் 13 வருஷம் அந்த நாட்டை ஆண்டது ராணுவம் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு படியுங்கள், அந்த ராணுவத்தின் கோப்புகள் கடைசியில் ஒரு கணக்கு வாத்தியாரின் மேஜைக்கு வந்தன. 1999இல் ஜனநாயகம் திரும்பியதும் செனட்டர், 2007 வரை. இதில் ஓட்டம் எங்கே இருக்கிறது? ஓடுகிறவன் ஊரை விட்டுத்தானே ஓடுவான்?

"நல்ல ஆராய்ச்சியாளர் வீணாப் போயிட்டாரே" என்பீர்கள். நியாயமான கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1960இல் விடுதலை வாங்கிய நாட்டில் கணித முனைவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வகுப்பறைக்கும் நூலகத்துக்கும் யாராவது பணம் கேட்டு அலைந்தால்தானே அடுத்தவன் உட்கார்ந்து தேற்றம் எழுத முடியும். அதே நாட்டுக்காரர் சிக்கே ஓபி, அவரும் கேம்பிரிட்ஜ் கணித முனைவர்தான், கட்சியே தொடங்கினார். அவருக்கும் பொம்மை போடுவீர்களா?

"1978ஐ ஏன் மறைக்கிறாய்" என்று இன்பாக்ஸில் ஒருவர். மறைக்கவில்லை. மாணவர்களின் சாப்பாட்டுக் கட்டணம் நாளுக்கு 50 கோபோவிலிருந்து, அதாவது அரை நைராவிலிருந்து, ஒன்றரை நைரா ஆனது, "அலி போகணும்" என்று கல்வி ஆணையரின் (நம்மூர்க் கணக்கில் கல்வி அமைச்சர்) பெயரைச் சொல்லி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், சாரியாவில் துப்பாக்கிச் சூட்டில் பிள்ளைகள் செத்தார்கள். அபுபக்கரின் துணைவேந்தர் காலம் முடிந்ததும் அந்த ஆண்டில்தான். அது பெரிய கறைதான். ஆனால் கட்டணத்தை ஏற்றியது ராணுவ அரசு, அவரில்லை. இதற்கு மேல் அதில் பேச எனக்கு ஒன்றுமில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். அந்த வருஷம் நான் சாரியாவில் இருந்தேன், ஏழு வயது. எண்ணெய்ப் பணம் கொழித்த காலத்தில் இங்கிருந்து நைஜீரியா போன எத்தனையோ வாத்தியார்களில் அப்பாவும் ஒருவர். கணக்கு வாத்தியார். பிள்ளைகள் 'மாலம்' என்பார்கள், அங்கத்து ஹவுசா மொழியில் வாத்தியார். சஹாராவிலிருந்து ஹர்மட்டான் என்ற புழுதிக் காற்று அடிக்கும் மாதங்களில் சாப்பாட்டு மேஜையில் மாவு மாதிரி தூசி படியும், அதில் விரலால் பின்னம் போட்டுக் காட்டுவார், அம்மா துடைக்கிற துணியோடு பக்கத்தில் காத்துக்கொண்டு நிற்பாள். 1979இல் ஒருநாள் ரேடியோ கேட்டுவிட்டு எழுந்து வந்து, "நம்ம ஆளு மினிஸ்டர் ஆயிட்டாரு" என்றார்.

"யாரு, நம்ம ஊரா?" என்றாள் அம்மா.

"கணக்கு" என்றார்.

அப்பாவை ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? இங்கே பிள்ளைகளை அம்போவென்று விட்டுவிட்டுக் காசுக்கு ஓடினவன். திரும்பி வந்த பிறகும் அதே பேச்சு. ஏழு வருஷம் அங்கே எத்தனை பையன்களுக்கு இருபடிச் சமன்பாடு புரியவைத்தார் என்று ஒருத்தர் கேட்டதில்லை. போன வருஷம் அவருடைய காரியத்தன்று பந்தியில் உட்கார்ந்து, பெரியப்பா முறையாகும் ஒருவர், "நைஜீரியாவுக்கு ஓடினானே, அப்பவே நான் சொன்னேன்" என்று ஆரம்பித்தார். இலையில் இரண்டாவது தடவை பாயசம் ஊற்றச் சொல்லிக்கொண்டே.